கம்பிவேலிப் பக்கம்

பந்து கோட்டைத் தாண்டி என் காலடிக்கு வந்தபோது, அதைக் கையால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். நான் உதைத்தேன். அது நேரே போய் கோச் அலிஸ்டரின் பலகையில் மோத, பலகை கவிழ்ந்து, பிள்ளைகளின் நம்பர் எழுதிய காந்தப் பொட்டுகள் எல்லாம் புல்லில் சிதறின.

சவூதியில், ஜுபைலில் ஒரு பிளாண்டில் நான் சேஃப்டி ஆபீசர். விபத்து நடக்காமல் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து இடைவேளை விசில் ஊதிவிட்டார்கள். கூச்சத்தோடு குனிந்து பொட்டுகளைப் பொறுக்கினேன். என் மகள் மேனுஜாவின் நம்பர் கையில் வந்ததும் கூச்சம் போய் பழைய கோபம் திரும்பிவிட்டது. பலகையை நிமிர்த்தி, அவளுடைய பொட்டை நானே முன்வரிசையில், எதிரணி கோலுக்கு நேரே ஒட்டினேன்.

அலிஸ்டர் அதைக் கழற்றி, பின்வரிசையின் வலது ஓரத்தில் ஒட்டினார்.

எனக்குச் சூடு ஏறியது. முதல் பாதி முழுக்க அவளை இடது பேக்காக விட்டிருந்தார். இப்போது வலது பேக். போன வெள்ளியும் இதே கூத்துத்தான். பெற்றோர் எல்லாரும் கார் நிறுத்துகிற பக்கம் நிற்க, என் பிள்ளை மட்டும், இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறியும், இரண்டு பாதியும் எதிர்ப்பக்கக் கம்பிவேலியோடு போய்வந்துகொண்டிருந்தாள். வேலிக்கு வாட்ச்மேன் போட்ட மாதிரி. இங்கிருந்து பார்த்தால் முகம்கூடத் தெரியாது.

"லுக்மான் பாய், இந்தாளிட்டக் கேளுங்கோ," என்றேன். "என்ர பிள்ளை ஃபார்வர்ட். இவர் ஏன் ஸ்பெயர் டயர் மாதிரி ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் பூட்டுறார்?"

லுக்மான் காயல்பட்டினத்துக்காரர். ஜுபைலில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார்; அணிக்கு உதவிக் கோச்சும் அவர்தான். அலிஸ்டரின் ஸ்காட்லாந்து இங்கிலீஷ் எங்களில் அவர் ஒருவருக்குத்தான் பிடிபடும்.

அலிஸ்டர் வெகுநேரம் பேசினார். லுக்மான் என் முகத்தைப் பார்க்காமல் தமிழாக்கினார்.

"அண்ணே, அவரு ஊர்ல ஒரு சின்ன கிளப்புல ரொம்ப வருசம் பிள்ளைகளுக்கு கோச்சா இருந்தவரு. ஆட்டம் பாக்க ஆளவிட கடல்காக்காதான் கூட வருமாம். ஆட்டக்காரன வெலைக்கு வாங்கக் காசு கெடையாது, இருக்குற பிள்ளைகளத்தான் ஆளாக்கணும். அதனால எல்லாரையும் எல்லா எடத்துலயும் ஆட விட்டுப் பாப்பாங்களாம்."

"நல்ல கொள்கை. அப்ப எங்கட கோல்கீப்பர் ஏன் எப்பவும் கோல்கீப்பராவே நிக்கிறான்? அவனையும் ஒருக்கா வேலிப் பக்கம் அனுப்பச் சொல்லுங்கோ."

லுக்மான் அதைச் சொன்னார். அலிஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, இன்னும் நீளமாகப் பேசினார்.

"இப்ப உள்ள ஆட்டத்துல பேக்குதான் முக்கியமாம். பந்த வாரி அடிக்காம, பின்னாலேர்ந்து ஒருத்தருக்கு ஒருத்தர் குடுத்துக் கொண்டு வரணுமாம். ஒங்க பிள்ளைக்கு ரெண்டு காலும் நல்லா வருதாம்."

"இடது காலோ? அவள் இடது காலால அடிச்சால் பந்து தம்மாமில போய் விழும், பாய்."

பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஹ்ரைன் போகிற அணிக்குப் பிள்ளைகளைப் பொறுக்க அன்றைக்கு இரண்டு பேர் வந்து, குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வியாழன் இரவே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு படுக்கிறவள் என் பிள்ளை. கோல் பக்கமே போகாதவளை அவர்கள் எதைப் பார்த்து எடுப்பார்கள்?

என் பங்கு உழைப்பில் குறைவில்லை. வெள்ளி தோறும் வீட்டுக்குப் போனதும் மனைவி வதனா தொண்டைக்குக் கொத்தமல்லி அவித்துத் தருகிற அளவுக்கு உழைக்கிறேன். இந்த மனிதர் அத்தனையையும் வேலியோரத்தில் வீணாக்கிக்கொண்டிருந்தார்.

"கடைசியாக் கேக்கிறன்," என்றேன். "இந்தப் பாதியில அவளை முன்னுக்கு விடுவாரோ, மாட்டாரோ? மாட்டாரெண்டால் கலாஸ், முடிஞ்சுது. இப்பவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன். இனி இந்தப் பக்கம் வர மாட்டாள்."

இந்தமுறை லுக்மான் தமிழிலிருந்து எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அலிஸ்டருக்கு அது தேவைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்து, தண்ணீர்ப் போத்தலோடு நின்ற மேனுஜாவைப் பார்த்தார்கள்.

எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. வளர்ந்த ஆம்பிளைகள் இரண்டு பேர் ஒரு சின்னப் பிள்ளைக்குப் பின்னால் ஒளிகிறார்கள்.

"பிள்ளையில என்ன பார்வை? பெரியாக்கள் நீங்கள் பதில் சொல்லுங்கோ."

மேனுஜா போத்தலை மூடினாள். வீட்டில்கூட இங்கிலீஷிலேயே பேசுகிறவள், மற்றப் பிள்ளைகளுக்கு விளங்கக் கூடாது என்றோ என்னவோ, எனக்குக் கிட்ட வந்து மெல்லத் தமிழில் சொன்னாள்.

"கோச்சை ஏசாதேங்கோ, அப்பா. நான்தான் வேலிப் பக்கம் கேட்டனான்."

"ஏன் பிள்ளை?"

"அங்க நிண்டா உங்கட சத்தம் கேக்காது."