கறுப்புப் பிடிக் கத்தி

அலுமாரி லாச்சியை இழுத்த ஹில்மிக்குப் பகீரென்றது. பதினொரு கத்தியில் ஒன்றைக் காணவில்லை.

“நஃபீஸா! கறுப்புப் பிடிக் கத்தி எங்க?”

“எனக்கென்ன தெரியும்? உங்கட கத்தியில நான் எண்டைக்குக் கை வெச்சன்?” மனைவி குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

தில்லையடியில் ஹில்மியைத் தெரியாதவர்கள் குறைவு. போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். கடையைவிட அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது இந்த மடக்குக் கத்திப் பைத்தியம். பைத்தியம் என்று அவனுக்கு முன்னால் சொல்லிவிடாதீர்கள், ‘சேகரிப்பு’ என்று சொல்ல வேண்டும். ஆலங்குடாவுக்கு வருகிற வெள்ளைக்காரர்களிடம் வாங்கியது பாதி, ஒன்லைனில் எடுத்தது பாதி. வீட்டை விட்டு இறங்கும்போது நாளுக்கு ஒன்றாகக் களிசான் பொக்கட்டில் ஏறும். எது பாரம், எது துருப்பிடிக்காது, எது ஒரு கையால் திறக்கும் என்று வட்ஸ்அப் குழுவில் மணிக்கணக்கில் அளப்பான்.

“உன்ட தம்பி எங்க?”

“ஃபாஹிம் சுபஹ் தொழுதுட்டு ஆலங்குடாவுக்குப் போயிட்டான். டொல்பின் பாக்க ஆக்கள் வாறாங்களாம்.”

ஹில்மி கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

ஃபாஹிம் அங்கே படகு ஓட்டுகிறவன். நேற்றுப் பின்னேரம் வந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. யாருடைய படகு முதலில் போவது என்ற சண்டையில், ஸப்ரான் என்கிற மற்றப் படகுக்காரன் அத்தனை பேருக்கு முன்னால் அறைந்துவிட்டானாம். வந்தவன் சோறு தின்னவில்லை. ஒரு வார்த்தை கதைக்கவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு ஹோலில் படுத்துவிட்டான்.

“அல்லாவே! அவன் அப்படி ஆளில்லங்க.”

“விசர்க்கதை கதைக்காத. பழம் வெட்டுறவன் சின்னக் கத்திய எடுப்பான். கயிறு அறுக்கிறவன் பல்லு வெச்சத எடுப்பான். கறுப்புப் பிடி அப்படியில்ல. பெருவிரலால தள்ளினா டக்கெண்டு விரியும். விரிஞ்சா பூட்டிக்கொள்ளும், எலும்புல பட்டாலும் மடங்காது. பதினொண்டுல அத மட்டும் பாத்து எடுத்திருக்கான். அது ஆளைக் குத்துற கத்தி நஃபீஸா!”

அவள் அழ ஆரம்பித்தாள். ஹில்மி கோல் எடுத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் எடுத்தான். அதே கதைதான்.

“நான் போய்ப் பாக்கிறன்.” எழும்பிய வேகத்தில், கை பழக்கத்துக்கு லாச்சியிலிருந்து வேறொரு கத்தியை அள்ளிப் பொக்கட்டில் போட்டது.

“இஞ்சாருங்க, பின்னேரம் மாம்புரிப் பயணத்தயாவது விட்டுருங்களன்.”

“அது வேற கதை. வாப்பாட காணியில கிணத்தையும் சேத்து வேலி போட்டிருக்கிறாரு பதியுதீன் நானா. கூடப் பொறந்தவர் எண்டு வாயப் பொத்திக்கொண்டு இருக்கச் சொல்றியா? இண்டைக்கு ஒரு கை பாக்காம விடமாட்டன்.”

மோட்டார் சைக்கிள் பறந்தது. போய்ச் சேருவதற்குள் ஏதும் நடந்துவிட்டால்? பொலிஸ் வந்து கத்தி யாருடையது என்று கேட்டால்? நஃபீஸாவுக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி. யா அல்லாஹ், அந்த மடையனுக்குப் புத்தியைக் கொடு என்று வாய்விட்டே கேட்டான். மாம்புரியில் நானாவின் புது முள்ளுக்கம்பி வேலி கண்ணில் பட்டபோது மட்டும் துஆ நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான்.

ஆலங்குடாக் கரையில் கூட்டம். ஹில்மி மணலில் விழுந்தடித்து ஓடினான்.

கூட்டத்துக்குள் ஒரு படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபாஹிமும் ஸப்ரானும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

“என்ன மச்சான், இந்த நேரத்துல?”

ஹில்மி அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போனான். “கத்தி எங்கடா?”

“படகுப் பெட்டிக்குள்ள இருக்கு.”

“ஒரு அறைக்கு ஒரு உசிரா? உனக்கு என்ன விசரா?”

“ஸப்ரானுக்கு எண்டா நினைச்சீங்க?” ஃபாஹிமுக்குச் சிரிப்பு வந்தது. “அவன் விடிய வந்து ஸலாம் சொல்லிக் கையப் பிடிச்சிட்டான். அது அதோட முடிஞ்சிது.”

“அப்ப ஏன் எடுத்த? அதுவும் அந்தக் கத்திய?”

ஃபாஹிம் சிரிப்பை நிறுத்தினான். தலையைக் குனிந்துகொண்டான்.

“கேக்காம எடுத்தது பிழைதான். கோவிக்காதீங்க. நேத்து ராத்திரி எனக்கு நித்திரை வரல்ல மச்சான், நித்திரை மாதிரி ஹோலில கிடந்து பாத்துக்கொண்டு இருந்தன். லாச்சியில பதினொண்டு இருக்க, விடிஞ்சா நானாவோட காணிக் கதைக்குப் போறதுக்கு, நீங்க அத மட்டும் எடுத்து அரை மணித்தியாலம் தீட்டினீங்களே?”

அது எந்த வேலைக்கான கத்தி என்று காலையில் நஃபீஸாவிடம் பிரித்துப் பிரித்துச் சொன்னது ஹில்மியின் வாய்தான்.

“நீங்களும் நானாவும் கதைச்சி முடிச்சி, ஒண்டா இருந்து தேத்தண்ணி குடிங்க. அதுக்குப் பொறகு நானே கொண்டு வந்து தாறன்.”

ஹில்மி பொக்கட்டுக்குள் கையை விட்டு மற்றக் கத்தியை வெளியே எடுத்தான். ஃபாஹிம் கையை நீட்டினான். கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்று அவர்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. ஹில்மி அதைப் பக்கத்தில் நின்ற படகின் விளிம்பில் வைத்தான்.

“இதையும் வெச்சிக்க மச்சான்.”