ஒரு டிவிடியில் அடங்கியவை

டிவிடி சூடாக வெளியே வந்தபோது, விமான நிலையம் போகும் டாக்சி கீழே வந்து நின்றுவிட்டது.

இன்சூ பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினான். ஓட்டுநர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பீடா மெல்வதுபோல வாயை அசைத்தார். திட்டியிருப்பார்.

கூடத்தில் அவன் மனைவி ஹேரான் கடைசிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே காய்ந்த கடற்பாசி, நெத்திலி, மிளகாய்த் தூள். கனடாவில், வான்கூவரில் இதெல்லாம் கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கிடைக்கும் என்றும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவளும் ஐந்து வயது மகள் போராவும் இனி அங்கே. போரா ஆங்கிலப் பள்ளியில் படிப்பாள். இன்சூ சியோலிலேயே இருந்து சம்பாதித்து அனுப்புவான். அவன் அலுவலகத்தில் பாதிப் பேர் இப்படித்தான், தனியாக நூடுல்ஸ் வேகவைத்துச் சட்டியோடு சாப்பிடுகிறார்கள்.

அவர்களில் ஒருவன் சமீபத்தில் மகளைப் பார்க்கப் போய்வந்தான். மகள் அவனைப் பார்த்ததும் இடுப்பை வளைத்துக் குனிந்து வணக்கம் சொன்னாளாம், அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல. சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே இன்சூ யோங்சான் மின்னணுச் சந்தைக்குப் போய் டிவிடி ரைட்டர் வாங்கினான். போரா அப்பாவை மறக்கக் கூடாது. அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

கடைக்காரன் வாயாடி.

"முதலாளி, எல்லாத்தையும் அள்ளிப் போட்டா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. என் கல்யாண டிவிடிய நானே இன்னும் பாத்து முடிக்கல. வேண்டாதத வெட்டி எறிங்க. ஒரே டிவிடியில அடக்குங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கணினியின் வயிற்றைத் திறந்து, ரைட்டரை அவனே பொருத்தினான். கேமரா கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு உள்ளே ஏற்றினான். பிறகு வெட்ட ஆரம்பித்தான்.

வேண்டாதது நிறைய இருந்தது. சொக்சோ கடற்கரை மணலில் நீளமாக விழுந்த அவன் நிழல். லென்ஸ் ஓரத்தில் அவன் கட்டைவிரல். மீன்காட்சிக் கூடத்தின் கண்ணாடியில், சுறாவுக்கும் போராவுக்கும் நடுவே கேமராவும் கையுமாக அவன் முகம்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டான்.

போராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவன் கேமராவைத் தூக்கினால் போதும், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடி வருவாள். வந்து மோதிக் கட்டிக்கொள்வாள். அதோடு திரை இருட்டாகிவிடும்.

இருட்டை யார் பார்ப்பார்கள்? அவள் வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வெட்டினான். ஒவ்வொரு முறையும்.

அப்புறம் அந்தக் குரல். இங்கே பார், இங்கே பார், சிரி, தள்ளி நில் என்று எல்லாக் காட்சியிலும் ஒருவன் மீன் ஏலம் போடுகிறவன் மாதிரிக் கத்திக்கொண்டே இருந்தான். அதை மொத்தமாக அமுக்கிவிட்டு, ரைட்டரோடு இலவசமாக வந்த பியானோ இசையைச் சேர்த்தான்.

டிவிடியில் எழுதும் நேரத்தில், இடம் போதவில்லை என்று கணினி முரண்டு பிடித்தது. வெட்டியதையெல்லாம் சுத்தமாக அழித்து இடம் கொடுத்தான். கேமராவும் பழைய கேசட்டுகளும் ஹேரானின் பெட்டிக்குப் போய்விட்டன. அங்கே போய் அவற்றின் மேலேயே புதிதாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான்.

இப்போது டிவிடியைத் தொலைக்காட்சியோடு இருந்த பிளேயரில் போட்டான். படம் பிசிறில்லாமல் வந்தது. பியானோ ஒலித்தது. இன்சூவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"போரா, ஓடி வா. ஒண்ணு காட்டுறேன்."

போரா கையில் காலணிகளோடு வந்து நின்றாள்.

நேரமில்லாததால் வேகமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினான். கடற்கரையில் போரா ஓடினாள். பூங்காவில் ஓடினாள். பனியில் விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள். கைகளை விரித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக. சேர்வதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது.

போரா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பிக் கேட்டாள்.

"அம்மா, இதுல நான் யாருகிட்ட ஓடுறேன்?"

அம்மாவிடம்தான் கேட்டாள். அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

இன்சூவுக்கு அப்போதுதான் உறைத்தது. திரையில் கண்களை ஓட்டித் தேடினான். நிழலாவது, விரலாவது எங்காவது தப்பியிருக்காதா என்று. நேர்த்தியாகத்தான் வேலை செய்திருந்தான்.

ஹேரான் திரையைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பெட்டியோடு போராட்டம்.

"எங்கிட்டதான்டி, வேற யாருகிட்ட? அப்பாதான் எப்பவும் ஆபீஸ்ல இருப்பாரே."

அவள் குத்திக்காட்டவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போரா இத்தனை வருடங்களாக அப்பா எங்கே என்று கேட்டபோதெல்லாம் சொன்ன பதில், பழக்கத்தில் தானாக வந்துவிட்டது. பெரும்பாலான நாட்களுக்கு அது உண்மையும்கூட.

படம்பிடித்த அந்த நாட்களுக்கு மட்டும் இல்லை.

கீழே டாக்சி ஹாரன் அடித்தது. போரா இப்போது, அப்படித்தானா என்பதுபோல அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா செல்லம். அம்மாகிட்டதான்" என்றான் இன்சூ. பிறகு காலணிகளை வாங்கி, அவளுக்கு மாட்டிவிடக் குனிந்தான்.