குழாயின் ஓய்வு நாள்

"முதல்ல புகையிலையைப் பாதி நிரப்பினாப் போதும், டாக்டர். அவசரப்படாம இழுங்க. ஒருநாள் பிடிச்சா மறுநாள் குழாய்க்கு ஓய்வு கொடுங்க, உள்ளே ஈரம் காயணும்" என்றார் புகைக்குழாய் விற்ற கடைக்காரர். பல் மருத்துவர் அப்படியே செய்தார்.

ஆனால் ஓய்வு நாள்களிலும் மாலையில் வீடு திரும்பினால் குழாய் சூடாக இருந்தது. மூன்றாம் முறை, குழாயை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். வாயில் வைக்கும் முனையில் பல் தடம். அதில் முன்பற்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அவருடைய பற்களும் அப்படித்தான் இருந்தன, கல்யாணத்துக்கு முன் கம்பி கட்டி நேராக்கிக்கொள்ளும்வரை.

"இன்னைக்கு யாராவது வந்தாங்களா?"

"நீங்கதான் கொஞ்ச நேரம் முன்னாடி வந்து பால்கனியில புகைச்சீங்களே" என்றாள் மனைவி. அவருடைய நரைத்த தலையை உற்றுப் பார்த்தாள். "முடிக்கு அடிச்ச கறுப்பு மை அதுக்குள்ள எப்படிங்க போச்சு?"