கந்தகப் புகை வெளிவந்த கதவு

தூத்துக்குடிப் பெருமக்களே! துறைமுகத்தை அடுத்த எங்கள் வரிசை வீடுகளுக்கு வந்து, இந்த அநீதியை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

போரின் பெயரால் அரிசி கிடைக்காத இக்காலத்தில், உப்பளத்தில் உழைக்கும் சீனித்தாயின் கைக்குழந்தையை எலி கடித்தது. சுவரிலுள்ள பொந்தை அடைத்துத் தருமாறு வீட்டுச் சொந்தக்காரர் வன்னியபெருமாளை அவள் கேட்டாள்.

“ஏளா, ஒன் வீட்டுச் சோத்து வாசத்துக்குத்தான் எலி வருது. பொந்துல கந்தகத்தைப் போட்டுப் புகை மூட்டு. இல்லன்னா வீட்டைக் காலி பண்ணு” என்றார் அவர்.

“எங்க வீட்டுல சோத்து வாசம் அடிச்சா, எலிக்கு முன்னால நாங்கல்லா ஓடியாருவோம், அண்ணாச்சி!”

தெருவே சிரித்தது. எல்லோர் முன்னிலையிலும் அவள் பொந்தில் கந்தகத்தைக் கொளுத்தினாள். புகை அவள் வீட்டில் தங்கவில்லை. பின்புறம் வன்னியபெருமாள் பூட்டி வைத்திருந்த சரக்குக் கிட்டங்கியின் கதவிடுக்கில் வெளிவந்தது. உள்ளே பலர் இருமினார்கள். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் இருமினார்கள்.

“உள்ள யாரு, அண்ணாச்சி?”

“ஒருத்தரும் இல்லளா” என்றவர் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

பூட்டை உடைத்தோம். கூரை முட்ட அரிசி மூட்டைகள் இருந்தன. அவற்றின்மேல் எலிகள் ஓடின. மனிதர் எவருமில்லை. புகை அடங்கிய பின்னரும் இருமல் அடங்கவில்லை; அந்த அரிசி கிடைக்காமல் பட்டினியில் மாண்டவர்களின் இருமல் அது.

சீனித்தாய் குழந்தையோடு அந்த வாசற்படியில் நிமிர்ந்து அமர்ந்தாள். “அரிசி தெருவுக்கு வரட்டும், பொந்தை அடைக்கட்டும். பொறவு எந்திக்கேன்” என்றாள். எங்கள் தெருவின் பெருமை அவள்!

தோழர்களே, உள்ளே இன்னும் இருமுகிறார்கள். அந்தக் கதவை மறுபடியும் பூட்ட விடாதீர்கள். வாருங்கள், அவளருகில் அமருங்கள்!