ஏழாம் நம்பர் குழாய்

“மூணாவது தடவையும் அதே தப்பா? இருபது வருஷ சர்வீஸ்னு பேரு!” டாக்டர் ரிப்போர்ட்டை லேப் டெக்னீஷியனின் மேஜையில் எறிந்தாள்.

ரத்தத்திலுள்ள ஒரு புரதத்தில் பாஸ்பேட் ஒட்டாதவர்களுக்குச் சில வருடங்களில் கைகால் விழுந்துவிடும். அந்த நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஆய்வகத்து ஊழியர்களே ரத்தம் கொடுத்திருந்தார்கள். அவர்களின் குழாய்களில் எண் மட்டும்தான். பெயர் டெக்னீஷியன் ஒருவருக்குத்தான் தெரியும். அவற்றில் ஏழாம் நம்பரிலும், நோயாளிகளைப் போலவே, பாஸ்பேட் ஒட்டவில்லை.

“குழாயை மாத்தி வெச்சுட்டேன் மேடம். கொட்டிடறேன்,” என்றார் டெக்னீஷியன்.

“மூணு தடவையுமா? பொய் சொல்லாதீங்க. யாரு அது?”

“மருந்தே இல்லாத வியாதியைச் சொல்லி யார் நிம்மதியையும் கெடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொல்வீங்க?”

அவள் குரல் இறங்கியது. “வயசானவங்களா?”

“இல்ல மேடம். சின்னக் குழந்தைங்க இருக்கு.”

“ஐயோ பாவம்! அப்போ சொல்லவே வேண்டாம். இருக்கிற வரைக்கும் சிரிச்சுட்டு இருக்கட்டும்.”

“சரி மேடம்.”

அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினாள். “நேரமாச்சு. என் பசங்க ஸ்கூல் வாசல்ல காத்துட்டு இருப்பாங்க.”

டெக்னீஷியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன வாரம் அவர் ஊசி குத்திய இடம், அவள் முழங்கை மடிப்பில் இன்னும் நீலமாகவே இருந்தது.