எதிர்ப்பெட்டி

இங்கிலாந்துக் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவில் குன்றிலிருந்து கடற்கரைக்கு இறங்க இரண்டு இழுவைப் பெட்டிகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே கயிறு. ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும்.

ஞாயிறுதோறும் மியூரியலும் கணவன் நார்மனும் வினிகர் தெளித்த மீனும் சிப்ஸும் தின்ன அதில்தான் இறங்குவார்கள். பாதி வழியில் எதிர்ப்பெட்டி கடக்கும். அதில் இதே நீலக் கோட்டில் இன்னொரு மியூரியல், பக்கத்தில் இன்னொரு நார்மன். அவன் அவளைத் தோளோடு அணைத்திருப்பான். இவனோ பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டான். மியூரியலுக்கு வயிறு எரியும்.

"அங்க பாரு, அந்த மனுஷன் பொண்டாட்டிய எப்படித் தாங்குறான்னு!"

"காலிப் பெட்டியில என்னத்தப் பாக்கச் சொல்ற?"

இந்த ஞாயிறு அவளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டி நகர்ந்ததும் பேப்பரைப் பிடுங்கிக் கீழே போட்டு, அவன் கையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள்.

"என்ன இது, ஊரே பாக்குது!"

"பாக்கட்டும். முக்கியமா அவ பாக்கட்டும்."

ஆச்சரியம், நார்மன் கையை எடுக்கவில்லை. இறுக்கி அணைத்துக்கொண்டான்.

எதிர்ப்பெட்டி வந்தது. அந்த இன்னொரு மியூரியல் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை காலி. மியூரியலையே வெறித்துப் பார்த்தபடி மேலே போனாள்.

மியூரியலை அணைத்த கையை எடுக்காமலே, மறு கையால் நார்மன் எதிர்ப்பெட்டியில் போகிறவளுக்கு டாட்டா காட்டினான்.