சுருக்கமாகப் பேசுவது எப்படி?

“எங்க வீட்டுக்காரர் பாட்காஸ்ட் பண்றார். நல்ல மைக்கா ஒண்ணு குடுங்க” என்றபடியே கடைக்குள் நுழைந்தார் அந்தப் பெண்மணி.

“எதைப் பத்திப் பேசறார் மேடம்?”

“சுருக்கமாப் பேசறது எப்படின்னு. தினமும் மூணு மணி நேரம்.”

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு மைக்கை எடுத்து வைத்தார். “இது வாய்க்கு நேரா வர்ற சத்தத்தை மட்டும்தான் எடுக்கும். ஆனா ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினா இன்னும் நல்லது.”

“கதவைச் சாத்தணுமா? அப்ப இதையே குடுங்க!”

“விலை கொஞ்சம்...”

“இருக்கட்டும். அவர் பேச்சு நின்னுடக் கூடாது.”

கடைக்காரர் நெகிழ்ந்துபோனார். “உங்களை மாதிரி மனைவி அமையக் கொடுத்து வச்சிருக்கணும். நிறையப் பேர் கேக்கறாங்களா?”

“நாலு பேர். தினமும் தவறாம ‘அருமை, தொடருங்கள்’னு எழுதுவாங்க.”

“யாரு மேடம் அந்தப் புண்ணியவான்கள்?”

“நாலும் நான்தான், வேற வேற பேர்ல” என்றார், குரலைத் தாழ்த்தி. “நேத்து எழுத மறந்துட்டேன். மனுஷர் மனசு ஒடிஞ்சு ரூமை விட்டு வெளியே வந்து, அந்த மூணு மணி நேரத்தையும் என்கிட்டயே பேசிட்டார்!”